மண்கும்பான் காணியும் ஒற்றை ஆள் கூட்டமும்

மனைவியிடம் சொல்லாமல் காணி வாங்குகிறவனை முட்டாள் என்பார்கள். அந்த மனைவியையே கொம்பனி இயக்குநராகப் போட்டுவிட்டு, அவளுக்கும் சொல்லாமல் காணி வாங்கப் போனவனை என்னவென்று சொல்வது? அந்தப் புத்திசாலி நான்தான்.

மண்கும்பான் கடற்கரையில் ஒரு விடுதி கட்டுவது என் நெடுநாள் ஆசை. அதற்காகவே கொம்பனி பதிந்தேன். இயக்குநர்கள் நானும் என் மனைவி சுகந்தியும். (அவள் பெயர் சும்மா ஒரு அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.) காணிக்காரர் நாரந்தனை மரியதாஸ் அண்ணை. அன்று பின்னேரம் அவர் கனடாவுக்குத் திரும்புகிறார். அன்றைக்கு உறுதிப் பத்திரம் எழுதாவிட்டால் காணி வேறு ஆளுக்குப் போய்விடும்.

வேலணையில் உறுதி எழுதும் நொத்தாரிசின் மேசையில் கொம்பனி முத்திரையை டொக்கென்று வைத்தேன். அவர் அதைத் தொடவேயில்லை.

“முத்திரை ஆரும் வெட்டுவிக்கலாம். கொம்பனிக்காக நீர் கையெழுத்து வைக்கலாம் எண்ட தீர்மானம் எங்கை?”

நீட்டினேன். முதல்நாள் நானே தட்டச்சு செய்தது.

“கூட்டத்துக்கு ஆர் வந்தது?”

“நான்.”

“தலைமை?”

“அதுவும் நான்தான் ஐயா.”

“நீரே பிரேரிச்சு, நீரே வழிமொழிஞ்சு, ஏகமனதாய் நிறைவேற்றியிருக்கிறீர். மற்ற இயக்குநர்?”

“வீட்டிலை சமைக்கிறா.”

“அவவின்ரை கையெழுத்து இல்லாமல் ஏலாது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கொம்பனி, என் ஆசை, எனக்கே அதிகாரம் இல்லையாம்! மரியதாஸ் அண்ணை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேறு வழியில்லாமல் சுகந்திக்குப் போன் எடுத்தேன்.

ஸ்கூட்டரில் வந்திறங்கினாள். கதிரையை இழுத்துப் போட்டு, தீர்மானத்தை வரி வரியாக வாசித்தாள்.

“இஞ்சருங்கோ, இந்தக் கூட்டம் எப்ப நடந்தது? நான் எங்கை இருந்தனான்?”

வெட்கத்தில் காது சுட்டது.

“காணி வாங்குவம்” என்றாள் நொத்தாரிசிடம். “ஆனால் கையெழுத்து வைக்கிற அதிகாரத்தை எனக்கெண்டு மாத்தி எழுதுங்கோ.”

“எதிர்ப்பு இருக்கோ?” என்று அவர் என்னைப் பார்த்தார்.

எதிர்த்தால் காணி போய்விடும். கையைத் தூக்கி ஆதரித்தேன். உறுதியில் அவள் கையெழுத்து வைக்க, நான் மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விடுதி இப்போது நன்றாக ஓடுகிறது. என் அதிகாரம்தான் வீட்டில் ஓடவில்லை. சந்தையில் ஒரு மீன் கூடுதலாக வாங்கி வந்தாலும் மகள் வாசலிலேயே மறிக்கிறாள்.

“அப்பா, தீர்மானம் இருக்கோ?”

குசினிக்குள் இருந்து இயக்குநர் சபை சிரிக்கிறது.