செகண்ட் கியர் சர்வேயர்

காவிரிப் பாசனத்தில் எங்கள் சர்வேயரைவிட மெதுவாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் இன்னும் பிறக்கவில்லை. சைக்கிளில் வருகிறவர்கள் அவரை எட்டிப் பிடித்து, குசலம் விசாரித்து, பெண்ணுக்கு வரன் பார்க்கச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் முந்திப் போவார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். நான் திருவிடைமருதூர்ப் பக்கத்தில் ஒரு தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. நில உச்சவரம்பு, குத்தகைப் பதிவு என்று எங்கே பார்த்தாலும் வழக்கு. வரப்புக்கு வரப்பு சண்டை. சர்வேயர் நடந்தே அளந்தால் இந்த ஜன்மத்தில் தீராது என்று மேலிடம் சொன்னதால், நாற்பத்தைந்து வயதில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். மெல்லிய உடம்பு, குடுமி மாதிரி பின்னால் நீண்டுகொண்டிருக்கும் தலைமுடி, எறும்பைக்கூட ‘வாங்க, போங்க’ என்று கூப்பிடும் நாக்கு.

தேரோடும் வீதியில் ஒரு மெக்கானிக் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கிளப்புவது, கியர் போடுவது வரை சொல்லிக்கொடுத்தபோது பஞ்சர் ஒட்டச் சொல்லி ஒரு ஆள் வந்துவிட்டார். “ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க சார், மீதிய சொல்றேன்” என்றார் மெக்கானிக். சர்வேயர் போனார். வந்தார். நிற்காமல் மறுபடி போனார். நாலு வீதியையும் அவர் ஐந்தாவது முறை சுற்றியபோது, பூக்கட்டுகிற அம்மாள் எழுந்து கும்பிட்டு, “சார், என்ன வேண்டுதலுங்க?” என்று கேட்டாள்.

“பிரேக்குங்க! பிரேக் எதுன்னு கேட்டுச் சொல்லுங்க!”

இரண்டாவது கியருக்கு மேல் அவர் போனதில்லை. “மொத கியர் கெளம்பறதுக்கு. ரெண்டாவது போறதுக்கு. மத்ததெல்லாம் கம்பெனிக்காரன் ஆசைக்கு வெச்சிருக்கான்” என்பார். நான்தான் அவருக்கு நிரந்தரப் பின்சீட்டு. அளவுச் சங்கிலியை மடியில் வைத்துக்கொண்டு உட்காரவேண்டும். எதிரே லாரி வந்தால் அவருக்கு ஹாரன் நினைவு வராது. அளவுச் சங்கிலியில் எண்ணுகிற லிங்க் கணக்குதான் வரும். “முந்நூறு லிங்க்ல இருக்கான்... எரநூறு லிங்க்... எறங்குங்க, எறங்குங்க!” லாரி போகும்வரை இருவரும் புளியமரத்தடியில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். வாத்துக் கூட்டம் குறுக்கே வந்தால் என்ஜினையே அணைத்துவிடுவார். ஐந்நூறு வாத்தும் கடந்து போகும். கடைசி வாத்து திரும்பிப் பார்த்தால், “நீங்க போங்க” என்பார்.

மாசி மாதத்தில் எங்கள் பக்கம் தார் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பிவைப்பார்கள். பஸ், லாரி ஏறி இறங்கினால் மணி உதிரும். வண்டி வாங்கிய வருஷம் சர்வேயர் அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி, வண்டியை ஓரமாகத் தள்ளத் தொடங்கினார். சாப்பிடுகிற பொருள் மேல் ஏறலாமா?

“சும்மா ஏத்துங்க சார்! ஏத்துறதுக்குத்தானே போட்டிருக்கோம்!” என்று சிரித்தாள் சின்னப்பொண்ணு. புருஷன் இல்லாதவள், பண்ணைக் கூலி. ஏற்றினார். “பஸ்ஸுக்காரன் பறந்துர்றான். நீங்கதான் சார் நெதானமா, ஒரு மணி விடாம மிதிக்கிறீங்க. இன்னொரு தடவ வாங்க” என்றாள். இன்னொரு தடவை போனார். பக்கத்துக் களத்துப் பெண்களும் கூப்பிட்டார்கள். ஆபீஸுக்கு வந்து சேரப் பன்னிரண்டு மணி.

“எங்கய்யா போனீர்?” என்றார் தாசில்தார்.

“உளுந்து அடிச்சிட்டு வர்றேங்க.”

அந்த வருஷம்தான், பண்ணைக் கூலிகள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்று கழக ஆட்சி போட்ட சட்டம் எங்கள் ஊர்களில் அமலுக்கு வந்துகொண்டிருந்தது. அளந்து எழுதுவதற்குள் ஆளைக் கிளப்பிவிடவேண்டும் என்று சில பண்ணைகள் அவசரப்பட்டன. ஒரு நாள் காலை, பஸ் கண்டக்டர் ஒருவர் ஆபீஸ் வாசலில் இறங்கி ஓடிவந்தார். “உளுந்தம்மா, அதான் சின்னப்பொண்ணு, சொல்லச் சொன்னாங்க சார். பண்ணைக் காரியஸ்தர் ஆளோட வந்து அவங்க கூரயப் பிரிக்கிறாராம்.”

தாசில்தார் தஞ்சாவூரில், கலெக்டர் கூட்டத்தில் இருந்தார். சர்வேயர் அவருக்குப் போன் போடச் சொல்லிவிட்டு, மனை, வயல் அளவெல்லாம் வரைந்த புலப்படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “ஏறுங்க” என்றார்.

ஊர் எல்லை தாண்டியதும் வண்டியின் சத்தம் மாறியது. காற்று காதில் அடித்தது. “சார், இது மூணாவது கியர்!” என்று அலறினேன்.

“தெரியுதுங்க. பயமுறுத்தாதீங்க.”

வாய்க்கால் மதகைத் தாண்டும்போது நாங்கள் இருவரும் சீட்டில் இல்லை. மறுபடி வந்துதான் உட்கார்ந்தோம். குடிசை தெரிந்தது. பாதிக் கூரை பிரிந்து கிடந்தது. சட்டி பானைகள் பூவரசமரத்தடியில். நாலு ஆட்கள். குடைபிடித்தபடி காரியஸ்தர். வண்டி நிற்கவில்லை. ஆட்கள் சிதறி ஓட, நடுவே புகுந்து வைக்கோல்போரில் பாய்ந்து நின்றது.

தலையெல்லாம் வைக்கோலாக எழுந்தார் சர்வேயர். “வணக்கமுங்க.”

“உமக்கு இங்க என்னய்யா வேல?” என்றார் காரியஸ்தர்.

“வேல ஒண்ணுமில்லீங்க. இந்தப் பக்கமாப் போனேன், வண்டி நின்னுபோச்சு.” பத்துத் தடவை உதைத்தார். கிளம்பவில்லை. நேராகப் போய்ப் பாதிக் கூரைக்கடியில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். “கெளம்புற வரைக்கும் இருக்கேன். சும்மா இருப்பானேன், இந்த மனைய அளந்துடறேன். சங்கிலியப் பிடிங்க.”

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சங்கிலியின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு சுவர் மூலைக்குப் போனேன்.

சர்க்கார் ஆள் உள்ளே உட்கார்ந்திருக்க, மேலே கூரையைப் பிரிக்க முடியுமா? காரியஸ்தர் பல்லைக் கடித்துக்கொண்டு தன் ஆட்களிடம், “வண்டியத் தள்ளுங்கடா, ஆளக் கெளப்புங்க!” என்றார். குடிசையைப் பிரிக்க வந்த நாலு பேரும் மோட்டார் சைக்கிளை ரோட்டில் மேலும் கீழும் தள்ளினார்கள். மூச்சிரைத்ததே தவிர வண்டி இருமக்கூட இல்லை. சின்னப்பொண்ணுதான் அவர்களுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களும் இதேபோல் குடிசையில் இருப்பவர்கள்தானே.

மாலை நாலு மணிக்குத் தாசில்தாரின் ஜீப் வந்தது. மனை அவள் பெயரில் பதிவானது. காரியஸ்தர் குடையை மடக்கிக்கொண்டு போனார். அந்த நாலு பேரில் இருவர், யாரும் சொல்லாமலே ஏறிக் கீற்றைத் திரும்பப் போட்டார்கள்.

சர்வேயர் குனிந்து, டாங்க்குக்குக் கீழே பெட்ரோல் குழாயைத் திருகித் திறந்தார். ஒரே உதை. கிளம்பிவிட்டது.

“மூடி வெச்சிருந்தீங்களா சார்?”

“மறந்துட்டேன்போல.” முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

திரும்பும்போது மறுபடியும் இரண்டாவது கியர். “மூணாவதுதான் நல்லா ஓடிச்சே சார்?” என்றேன்.

“அது அவசரத்துக்குங்க.”

ஒரே மாதத்தில் அவரை வேதாரண்யத்துக்கு மாற்றினார்கள். தண்டனை மாற்றல்தான் என்று ஆபீஸில் எல்லோரும் பேசிக்கொண்டோம். அவர் மட்டும், “அங்கல்லாம் உப்பளத்து ரோடு. வளைவே கெடயாதாம்” என்று சந்தோஷப்பட்டார்.

கிளம்புகிற அன்று, “கூட வந்து விட்டுட்டுப் போறீங்களா?” என்று கேட்டார். பஸ்ஸில் போனால் அரை நாள். நாங்கள் அவர் வண்டியில், இரண்டாவது கியரிலேயே, விடிந்ததும் கிளம்பி, பொழுது சாயும்போதுதான் உப்புக் காற்றை முகர்ந்தோம். அந்தப் பின்சீட்டில் நான் ஒரு நாளும் பயப்படாமல் உட்கார்ந்ததில்லை. வேறு எவருடைய வண்டியிலும் இவ்வளவு தூரம் போக எனக்கு ஆசை வந்ததும் இல்லை.