ஆணிச்சாமியின் புளியமரம்

வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனைப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடையாது. பாதிப் பேர் பேய் பிடித்தவர்கள். மீதிப் பேர் அவர்களைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள். பேய்களுக்கு டிக்கெட் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

எல்லோரும் இறங்குவது ஆணிச்சாமியின் புளியமரத்தடியில். பேய் பிடித்தவரின் முடியில் ஒரு கொத்தை ஆணியில் சுற்றி, மரத்தில் 'ணங்' என்று ஓர் அடி. பேய் மரத்தோடு சரி. கட்டணமா? சீச்சீ, சாமி காசைத் தொடமாட்டார். ஒரு சேவலும் இரண்டு கிலோ கடலைமிட்டாயும் போதும். பேய்களுக்குக் கடலைமிட்டாய் என்றால் கொள்ளை ஆசையாம். தின்பது பேய், வயிறு பெருத்தது சாமிக்கு! அடிமரத்தில் இடம் தீர்ந்துபோய், இப்போது ஏணி வைத்துக் கிளையில் அடிக்கிறார். அதற்கு இரண்டு சேவல். மாடி போர்ஷன் அல்லவா!

அந்தக் கிளைதான் சிக்கல். போன வாரக் காற்றில் விரிசல் விட்டு, வெயிலுகந்தம்மாள் வீட்டுக் கூரைக்கு மேலே தொங்கியது. தீப்பெட்டி ஆபீஸில் உழைத்து அந்த அம்மாள் கட்டிய வீடு. உள்ளே இடுப்பு முறிந்து கிடக்கும் கணவரை அசைக்கவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. ஒரு மழை பெய்தால் கிளை அவர் மேல்தான் விழும்.

அம்மாள் மரம் அறுக்கும் பேச்சிராஜாவை அழைத்துவந்தார். அவன் ஏறி, கிளையை வடக்கயிற்றால் கட்டி, கயிற்றை மேல்கவட்டில் போட்டு, நுனியைக் கீழே நான்கு பேரிடம் கொடுத்தான். துண்டு துண்டாக அறுத்து மெல்ல இறக்கத் திட்டம். மோட்டார் ரம்பம் கிளையில் பட்டது. 'சர்ர்ர்' என்று தீப்பொறி பறந்தது! ரம்பத்தின் பல் தெறித்தது.

"பாத்தியளா, பேய் அக்கினி கக்குதான்!" என்று குதித்தார் சாமி. "கிளைய அறுத்தா அம்புட்டுப் பேயும் பழைய ஆளுகிட்டயே திரும்பிரும். பொறவு என்னைக் கேக்கப்படாது!"

நான்கு பேரும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

"ஐயய்யோ, ஒரு வருசமா நிம்மதியா இருக்கேன்!" என்று அலறினார் போன வருசம் ஆணி அடித்துக்கொண்ட சின்னக்கருப்பன்.

"ஒங்களுக்கென்ன அண்ணாச்சி, எங்க அத்தைக்கில்லா புடிச்சிருந்துது! பேய் போன பொறவும் ஒரு வித்தியாசமும் தெரியல," என்றாள் அமுதவள்ளி.

பேச்சிராஜா ரம்பத்தோடு இறங்கிவிட்டான். "யக்கா, இந்த வேலை எனக்கு வேண்டாம்."

வெயிலுகந்தம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏலே, பொறியப் பாத்தா பயப்படுத? இரும்புல இரும்பு பட்டா பொறி வராம பூவா உதிரும்? அங்கன எங்க வீட்டுக்காரரு கிடக்காருலே!" என்றவர், அவன் காதில் ஏதோ சொன்னார். பிறகு சாமியைக் கும்பிட்டார். "சாமி, ஆணியப் புடுங்கித் தாரோம். எதுல எந்தப் பேய்னு பாத்து வேற மரத்துல அடிச்சிருதியளா?"

"தொட்டாலே சொல்லிருவேன்!" சாமிக்கு வாயெல்லாம் பல். மறுபடி அடித்தால் மறுபடி சேவல்!

பேச்சிராஜா குறட்டோடு மறுபடி மரத்தில் ஏறினான். அம்மாள் வீட்டுக்குள் போய், மூடி போட்ட வாளி ஒன்றைக் கொண்டுவந்தார். வாளி கயிற்றில் மேலே போனது. குறடு சத்தம் கேட்டது. வாளி இறங்கியது. உள்ளே நான்கு துருப்பிடித்த ஆணிகள்.

சாமி கண்ணை மூடி ஒன்றைத் தொட்டார். "இது எப்போதும்வென்றான் ஊரு ஒத்தக்கண்ணன்!" அடுத்தது, "ரயில்ல அடிபட்ட சுருட்டுக்காரன்!" மூன்றாவது, "கல்யாணம் ஆகாதவ, மல்லியப்பூ கேக்கா!" நான்காவதைத் தொட்டதும் தரையில் உருண்டார். "யம்மா! வெள்ளைக்காரத் துரை! இங்கிலீசுல திட்டுதான்!"

கூட்டம் பின்வாங்கியது. வெயிலுகந்தம்மாள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"தொரை எங்க வீட்டுக் காலண்டரைத் தாங்கிக்கிட்டு இருந்தாரு சாமி. ஒத்தக்கண்ணன்ல கண்ணாடி தொங்குச்சு. சுருட்டுக்காரன்ல என் பை. மல்லியப்பூக்காரியில எங்க மாமனார் போட்டோ. நாலும் எங்க வீட்டுச் சுவத்து ஆணி. ஏலே ராஜா, மரத்து ஆணி எங்கலே?"

"இந்தா எங்கிட்டல்லா இருக்கு!" மேலேயிருந்து கையை விரித்தான் பேச்சிராஜா. கை நிறைய முடி சுற்றிய ஆணிகள். வாளிக்குள் வந்தவற்றில் ஒரு முடிகூட இல்லை. அத்தனை பேர் கண்ணிலும் அது படவே இல்லை பாருங்கள்!

சாமி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டி எடுத்தார் ஓட்டம். அறுபது வயது ஆளுக்கு அப்படி ஒரு வேகம்!

பேச்சிராஜா ரம்பத்துக்கு வேறு சங்கிலி மாட்டினான். ஓடிய நான்கு பேரும் அசடு வழிந்துகொண்டு வந்து கயிற்றைப் பிடித்தார்கள். கூரையில் ஓர் இலைகூட உரசாமல் கிளை தரைக்கு வந்தது.

கடைசியில் சின்னக்கருப்பன் பேச்சிராஜாவை ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, என் ஆணிய மட்டும் எதுக்கும் ஒரு வேப்பமரத்துல அடிச்சிருதியா?"

மரத்து ஆணியைப் பேச்சிராஜா பிடுங்கிவிட்டான். மண்டைக்குள் இறங்கிய ஆணிக்கு அவனும் என்ன செய்வான்? அவரவர் மண்டைக்கு அவரவர்தான் குறடு எடுக்கவேண்டும்!