வால் நட்சத்திரமும் ஆட்டுக்கால் பாயாவும்

இனி வானத்தை ஆராய்வது என்று அதாவுல்லா முடிவு செய்தபோது ஆம்பூரில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து, மே மாதம். அதுவரை அவர் வானத்தை அண்ணாந்து பார்த்ததெல்லாம், காயப்போட்ட தோல் மழையில் நனைந்துவிடுமோ என்ற பயத்தில்தான். தோல் கிடங்கில் தரம் பிரிக்கிற மேஸ்திரிக்கு நட்சத்திரம் எதற்கு?

எல்லாம் வயிற்று வலி செய்த வேலை. ஹகீம் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, கறி கூடாது, காரம் கூடாது, கொழுப்பு கிட்டவே வரக்கூடாது, கஞ்சிதான் என்று சொல்லிவிட்டார். போதாததற்கு மூன்று வேளையும் ஒரு கசப்புச் சூரணம். மனைவி சுகரா பேகம் ஹகீமின் சொல்லை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள். சூரணத்தையாவது அவள் பார்க்காத நேரம் முருங்கை வேரில் கொட்டிவிடலாம். கஞ்சியை என்ன செய்வது? விடியற்காலையில் சர்தார் பாஷா கடையில் ஆட்டுக்கால் பாயா கொதிக்கும் என்ற நினைப்பே அவரை வாட்டி எடுத்தது. அந்த நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு காரணம் வேண்டும். அதுவும் கௌரவமான காரணம்.

காரணம் கிடங்கு கிளார்க் அந்தோணியின் இங்கிலீஷ் பேப்பரில் வந்தது. ஒரு வால் நட்சத்திரம் வருகிறதாம், விடிவதற்கு முன் கிழக்கே தெரியுமாம். வாலில் விஷவாயு வேறு இருக்கிறதாம். தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டி ஓரமாக வளர்ந்த ஆம்பூர்க்காரர்களை எந்த வாயு என்ன செய்துவிடும் என்று கிடங்கே சிரித்தது. அதாவுல்லா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

அன்று சாயங்காலமே வீட்டில் பாடம் நடத்தினார். நடுவில் சிம்னி விளக்கு. ஒரு எலுமிச்சம்பழம். ஒரு கொட்டைப்பாக்கு.

"விளக்கு சூரியன். பழம் பூமி. பாக்குதான் வால் நட்சத்திரம். இப்போ சூரியனுக்கு இந்தப் பக்கம் இருக்குது. அப்படியே சூரியனைச் சுத்திக்கினு போய்டும்."

"போனா போவட்டுமே. உங்களுக்கு இன்னா?"

"இன்னாவா? இப்ப உட்டா எழுவத்தாறு வருஷம் கழிச்சுத்தான் வரும், பேகம்! தினம் விடியக்காத்தால ஆத்தங்கரைக்குப் போய், அது எந்த வழியா போவுதுன்னு பாக்கணும்."

"நம்ம மாடியிலேருந்து தெரியாதா?"

"கிழக்கால புளியமரம் மறைக்குதே."

சுகரா புருஷன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். "சரி, போய்ட்டு வாங்க. எழுவத்தாறு வருஷம்ன்றீங்க, பாவம்."

இவ்வளவு சுலபமாக உத்தரவு கிடைத்ததற்கே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

மறுநாளிலிருந்து, விடிவதற்கு முன் எழுந்து, முந்தின நாள் கழற்றிப்போட்ட கிடங்குச் சட்டையையே மாட்டிக்கொண்டு கிளம்பினார். அதில்தான் அவருடைய சாமர்த்தியம் இருந்தது. தோல் வாடைக்கு முன்னால் பாயா வாடை எந்த மூலைக்கு? சர்தார் பாஷா கடை பெஞ்சில் உட்கார்ந்து, கிண்ணத்துக்குள் தலையைக் கவிழ்த்தால் விடிந்த பிறகுதான் நிமிர்வார். வீட்டுக்கு வந்து "இன்னிக்கு வால் ஜாஸ்தி", "இன்னிக்குக் கொஞ்சம் கம்மி" என்று ஆராய்ச்சி முடிவைச் சொல்வார். சுகரா உம் கொட்டுவாள்.

இதற்கு நடுவே அதிசயங்கள் நடந்தன. சுகரா சூரணம் கொடுக்க மறந்துபோனாள். அவரும் ஞாபகப்படுத்தவில்லை. வயிற்று வலியும் போயே போய்விட்டது. கஞ்சியால் தீராத வலி பாயாவால் தீர்ந்தது என்றால் அந்த ஹகீமை என்னவென்று சொல்வது!

"பாஷா பாய், மசாலாவுல புதுசா இன்னா போடற? லேசா ஒரு கசப்பு வருதே, அதான்யா ருசியே!"

"வூட்ல பண்றாங்க பாய். எனக்கு இன்னா தெரியும்?" என்று சர்தார் பாஷா அடுப்பு ஊதப் போய்விட்டார்.

அதிகாலையில் எழுகிற மனிதர் என்பதால், இருட்டுகிற நேரத்துக்கே கஞ்சியைக் குடித்துவிட்டுக் குறட்டை விடுவார். கிடங்கில் எல்லோரும் "நட்சத்திரம் பாத்தீங்களா பாய்?" என்று கேட்டார்கள். "நான் பாக்காம வேற யாரு பாப்பாங்க?" என்றார். எந்தப் பக்கம் பார்த்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் காலை வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். "பேகம்! இன்னிக்கு மாதிரி நான் பாத்ததே இல்ல. கிழக்கால, ஆத்துக்கு இந்தக் கரையிலேருந்து அந்தக் கரை வரைக்கும் வால்!"

சுகரா உள்ளே போய் சிம்னி விளக்கு, எலுமிச்சம்பழம், கொட்டைப்பாக்கு மூன்றையும் கொண்டுவந்து தரையில் வைத்தாள்.

"பாக்கு சூரியனைச் சுத்திக்கினு போவும்னு சொன்னீங்க இல்ல?"

"சொன்னேன்."

அவள் பாக்கை விளக்குக்கு அந்தப் பக்கம் நகர்த்தினாள். "சுத்துனா இங்க வந்துடும். அப்புறம் காலையில எப்படித் தெரியும்? சாயங்காலம் மேற்காலதானே தெரியும்?"

அதாவுல்லா பாக்கையே பார்த்தார். அது இருந்த இடம் நியாயமாகத்தான் இருந்தது.

"மூணு நாளா, பிறை பாக்கிற மாடியில தெருப் பொம்பளைங்க எல்லாம் நின்னு பாக்கறோம். உங்களை எழுப்பலாமான்னு கேட்டாங்க. வாணாம், காலையில அவருக்கு வேற நட்சத்திரம் இருக்குதுன்னேன்."

"அது வந்து பேகம்... இன்னொரு நட்சத்திரம்..."

"தெரியும். அதுக்கு வால் கிடையாது, நாலு காலு. சர்தார் பாஷா கடையில உதிக்கும்."

"யாரு சொன்னது?"

"உங்க சட்டைதான். வானத்தைப் பாக்க கிடங்குச் சட்டை எதுக்கு? நானும் ஆம்பூர்ல பொறந்தவதாங்க. தோல் வாடை எங்க மூக்குக்கு வாடையே இல்ல. அதைத் தவிர மிச்சம் எல்லாம் தெரியும். மொத நாளே ஃபரீதாகிட்ட போய்ட்டேன்."

ஃபரீதா சர்தார் பாஷாவின் மனைவி. பாயாவை வீட்டில் சமைத்துக் கடைக்கு அனுப்புகிறவள் அவள்தான்.

"உங்களுக்கு மட்டும் தனிச் சட்டி. கொழுப்பை எடுத்துட்டு, காரத்தைக் கொறைச்சு, ஹகீம் சூரணத்தைக் கலந்து."

அந்தக் கசப்பு அதாவுல்லாவின் நாக்கில் மறுபடி ஏறியது. அதைத்தான் ருசி ருசி என்று இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கி நக்கியிருக்கிறார். அவமானத்தில் காய்ந்த எலுமிச்சம்பழத்தைப் போலச் சுருங்கி உட்கார்ந்தார்.

"வயிறு எப்படி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது," என்றார், பொய் சொல்லவும் தெம்பில்லாமல்.

"மாஷா அல்லா. இனிமே சூரணத்தைக் கஞ்சியிலயே கலந்துடறேன்."

"அப்போ... பாயா?"

சுகரா பாக்குவெட்டியை எடுத்து வால் நட்சத்திரத்தை இரண்டாக நறுக்கி, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

"சாப்பிடலாம். வால் நட்சத்திரம் திரும்பி வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க."