மூன்று மொழிக்கு ஒரே கப்பல்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
07.03.2006

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அபூதாஹிர் சாச்சாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நாங்கள் சுகம், சோதனைச்சாவடிகளும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறையத் துஆச் செய்கிறேன். நம் குடும்பத்தில் நான் மனம்விட்டு எழுதக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

எனக்கு மூத்த லைலா ராத்தாவைத் திருமலையிலிருந்து கூப்பிட்டு உங்களோடு வைத்துக்கொள்ளச் சொல்லி வாப்பா எழுதியிருப்பார். தயவுசெய்து கூப்பிட வேண்டாம். காரணத்தை மூச்சுவிடாமல் சொல்கிறேன்.

ராத்தா வேலை செய்கிற இறங்குதுறைக் கந்தோரில் மூதூர் போகிற கப்பலின் நேர அறிவித்தல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று கொம்பியூட்டரில் மூன்று கோப்புகளாகக் கிடந்தது. பாதுகாப்புக்காக நேரம் மாறும்போதெல்லாம் ஒன்றைத் திருத்துவார்கள், மற்ற இரண்டையும் மறப்பார்கள். ஆகவே சிங்களம் வாசித்தவர்கள் ஏழுக்கும், ஆங்கிலம் வாசித்த தொண்டு நிறுவனத்தார் எட்டுக்கும், நம்மவர்கள் ஒன்பதுக்கும் வருவார்கள். கப்பலோ ஒன்று, அது எந்த மொழியும் வாசிப்பதில்லை. ராத்தா என்ன செய்தா என்றால், நேரத்தை ஒரே இடத்தில் வைத்தா, மூன்று மொழி வசனங்களையும் இன்ன மொழி என்று அடையாளம் போட்டு அதன் கீழே அடுக்கினா, பிறகு ஸ்டைல்ஷீட் என்று ஒன்று எழுதினா. அதற்குத் ‘தமிழ்’ என்று சொன்னால் போதும், தமிழ் வசனத்தைப் பொறுக்கி, நேரத்தைச் சேர்த்து, அறிவித்தலாகத் தந்துவிடும். கேட்ட மொழியில் வசனம் இல்லாவிட்டால் முதலில் கிடப்பதை எடுத்துப் போடும். ஏன் என்று கேட்டேன். “வெறுமனே விட்டா சனம் கப்பலே இல்லையெண்டு திரும்பிப் போயிடும்டா” என்றா. எனக்கு மூளை இருக்கிற இடத்தில் அவவுக்கு ஒரு இறங்குதுறையே இருக்கிறது சாச்சா.

பள்ளிக்கூடம் விட்டு அவவுக்குச் சோறு கொண்டு போகிறவன் நான். அவ கை கழுவப் போன நேரம், தமிழ் வசனத்தின் வாலில் இரண்டு வரி ஒட்டிவிட்டேன்: “பிந்தி வருவோர் கரையில் நின்று கை காட்டலாம். கப்பலிலிருந்து நாங்களும் காட்டுவோம்.” அவ கண்டு என் தலையில் குட்டுவா, அதோடு முடியும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அறிவித்தல் ஒட்டுகிற முனாப் நானா, ராத்தாவின் ஸ்டைல்ஷீட் தந்தது பிழைக்காது என்ற நம்பிக்கையில், வாசிக்காமலே அச்சடித்து இறங்குதுறை முழுக்க ஒட்டிவிட்டார்.

அடுத்த நாள் மேலதிகாரி சிவகுருநாதன் ஐயா ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தார். “ஆர் இதை எழுதினது?” நான் வாய் திறக்க முதல் ராத்தா எழும்பி, “கோப்பு என்ட பொறுப்பு சேர்” என்றா. வேலை இருக்குமா, போகுமா என்ற முடிவு வெள்ளிக்கிழமை. வாப்பா வெட்கப்பட்டு எழுதியது அதற்காகத்தான். ராத்தா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, குட்டவுமில்லை, குட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். நாளைக்கு நானே ஐயாவிடம் போய்ச் சொல்லப்போகிறேன்.

உங்கள் வீட்டில் பறக்கத்தும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
அடங்க முயலும்
ஸுஹைர்

பி.கு.: இதைக் கையால் எழுதுகிறேன். ஐயாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கிழித்த தாளை மேசையில் விரித்து வைத்து, “மூண்டு நாளா அந்த வரியைப் பாத்துட்டு நம்மட சனம் ஏழு மணிக் கப்பலுக்கு ஆறரைக்கே வந்து நிக்குது. சிங்களத்திலையும் அதைப் போடச் சொல்லு” என்றார். ராத்தாவுக்கு வேலை நிலைத்துவிட்டது. எனக்குத்தான் கந்தோர் வாசல் தடை.

உங்களுக்கு முழங்கால் வலியே இல்லை, சீனி வருத்தம்தான் என்று உம்மா இப்போதுதான் சொன்னா. முழங்கால் பெரிய மாமாவுடையது. வாப்பா உங்களுக்கும் பெரிய மாமாவுக்கும் மாமிக்குமாக மூன்று பேருக்கு எழுதியதால் நானும் ராத்தாவின் முறையில் கந்தோர்க் கொம்பியூட்டரில் ஒரே கடிதத்தை மூன்றாக எடுத்தேன். உங்கள் பேருக்கு நேரே வருத்தத்தின் பேரைப் போட மறந்ததால், ஸ்டைல்ஷீட் முதலில் கிடந்த மாமாவின் முழங்காலை எடுத்துப் போட்டுவிட்டது. ‘ஒரே ஆள் நீங்கள்தான்’ என்பது மூன்றுக்கும் பொது. மாமாவோடும் மாமியோடும் போனில் கதைத்தால் கடிதத்தைப் பற்றி மட்டும் கதைக்க வேண்டாம்.