கணினிக்கு அம்மை போட்ட கதை

உலகத்திலேயே கணினிக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி அதற்கு விடுப்பு கொடுத்த ஒரே மனிதர் எங்கள் டிரஸர் அண்ணேதான்.

எண்பதுகளின் கடைசி. ஈப்போவில், தோட்டங்களை நிர்வகிக்கும் ஓர் அலுவலகத்தில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அண்ணே அதற்கு முன் சுங்காய்ப் பக்கம் தோட்ட ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டியவர். வேலை மாறியும் டிரஸர் என்ற பட்டம் மாறவில்லை. இப்போது அலுவலகத்தின் ஒரே கணினி அவர் பொறுப்பு. பூட்டிய அறை, சாவி அவர் இடுப்பில். செருப்போடு யாரும் உள்ளே போக முடியாது.

வைரஸ் எச்சரிக்கை என்று பேக்ஸில் எந்தத் தாள் வந்தாலும் அண்ணேவுக்குக் கை பரபரக்கும். அனுப்பியவர் பெயர் இருக்காது, தேதி இருக்காது. 'உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்பது மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

"யார் எழுதினதுன்னே தெரியலயே அண்ணே. புரளிலா இது!"

"நீ படிச்சவன், பேசுவ. தோட்டத்துல அம்மை வந்தப்ப லயம் லயமா, வீடு வீடா அலைஞ்சவன்லா நானு!"

எல்லாத் தோட்டங்களுக்கும் அனுப்பிவிடுவார். எங்கள் கணினிக்கும் அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி, அறையைப் பூட்டி அதற்கு ஒரு நாள் விடுப்பும் கொடுத்துவிடுவார். வந்ததை அப்படியே அனுப்பினால் அவருக்குத் தூக்கம் வருமா? ஒருமுறை, 'பிளாப்பி வட்டுகளை மஞ்சள் தண்ணீரால் துடைக்கவும்' என்று ஆங்கிலத்தில் சொந்தச் சரக்கையும் சேர்த்தார். லகாட் தோட்டத்தில் பயந்துபோய்க் கணினியையே அணைத்துவிட்டார்கள்.

மேனேஜர் கத்தினார். "இன்னொரு புரளி உங்களால வந்துச்சுன்னா, சாவிய வாங்கிருவேன்!"

அண்ணே அன்று மதியம் சாப்பிடவில்லை. அந்தப் பெட்டி என்றால் அவருக்கு உயிர்.

சில வாரம் கழித்து, புதிதாக வந்த ஒரு தாளோடு ஓடி வந்தார்.

"பாத்தியா தம்பி! அமெரிக்க நிபுணரே சொல்லிட்டான். பிளாப்பிய மஞ்சத் தண்ணியில ஊற வைக்கணுமாம்!"

"அமெரிக்காக்காரனுக்கு மஞ்சத் தண்ணி எப்படி அண்ணே தெரியும்?"

அண்ணேயின் முகம் மெல்ல வெளுத்தது. அவர் சேர்த்த வரிதான் ஊர் ஊராகச் சுற்றி, துடைப்பது ஊற வைப்பதாக மாறி, நிபுணர் பட்டமும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. தெலுக் இந்தான் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி மேரி அக்கா. அவர் குரல் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது.

"அண்ணே, அமெரிக்கா தாள் இங்கயும் வந்திருக்கு. பால்டி நெறையத் தண்ணி ரெடி. மஞ்சள் மட்டும் போதுமா, வேப்பிலையும் போடவா?"

"பிளாப்பிய அதுல போட்றாத மேரி! அம்புட்டும் போயிரும்!"

"நிபுணர் சொல்லியிருக்காருலா!"

வாசலில் மேனேஜர் வந்து நின்றார். அண்ணே அவரைப் பார்த்தார். கணினி அறையைப் பார்த்தார்.

"அந்த நிபுணர் நான்தான்லா!"

மேனேஜர் கையை நீட்டினார். அண்ணே சாவியைக் கொடுத்தார். அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு தோட்டத்துக்கும் போன் போட்டு, அதே வாக்கியத்தைச் சொன்னார். ஒவ்வொரு தோட்டமும் சிரித்து முடிக்கும்வரை ரிசீவரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

சாவி என்னிடம் வந்தது. அந்த அலுவலகத்தில் இருந்தவரை, காலையில் கணினி அறைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு, அண்ணே உள்ளே போகட்டும் என்று நான் தேநீர் குடிக்கப் போய்விடுவேன்.