வெட்டுத்துணி அடைத்த வீடு

தன் உயிர் இருக்கும்வரை அந்த வீட்டில் வெளியாள் ஒருவன் சுத்தியல் தூக்க முடியாது என்று தையற்காரர் சபதம் செய்தார். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு செய்த சபதம். மனைவிக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே அவளுக்குப் போதும்.

விஷயம் இதுதான். பழைய வீடுகளைச் சீர்செய்ய அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. கூரைக்கு அடியில் சூடு இறங்காத பலகை, காற்றுப் புகாத சன்னல், கேஸுக்குப் பதிலாக மின் அடுப்பு. அவள் சத்தமில்லாமல் மனுப் போட்டுவிட்டாள். பிரசவம் முடிந்த மகள் குழந்தையோடு வரவேண்டும். மாடி அறையோ வெயில் ஏறினால் இஸ்திரிப் பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி. அந்தச் சூட்டில் பிள்ளையை எப்படிப் படுக்கவைப்பது என்று மகள் போனில் இழுத்த நாளிலிருந்து, மனைவி சாமியிடம் கேட்டதெல்லாம் அந்த ஒரு அறையைத்தான்.

தையற்காரருக்கு ரோஷம். முப்பது வருஷமாக அந்த வீட்டின் இடுக்கையெல்லாம் வெட்டுத்துணி சுருட்டி அடைத்தவர் அவர். சன்னலுக்குச் சட்டைத்துணி, கதவுக்குக் கோட்டுத்துணி, பரணுக்குப் பாவாடைத்துணி. அந்த வீட்டுக்கு இன்னொருத்தர் வந்து அளவு எடுப்பதா? ஆனால் வேண்டாம் என்று மனைவியிடம் நேராகச் சொல்லும் தைரியம் மட்டும் அவர் கடையில் இருப்பு இல்லை.

நாளைக்கு ஆய்வு என்று அவள் மதியம்தான் சொன்னாள். அடுக்களைக்குப் போகிற போக்கில் ஒன்று சேர்த்தாள்.

"ஏங்க, அந்தத் துணியில மட்டும் கை வச்சுடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் ஏன் கை வைக்கப் போறேன்?" என்றார். கண் சன்னலுக்குப் போய்விட்டது.

ஓட்டை வீட்டுக்கு எவன் மானியம் கொடுப்பான்? அவள் கடைக்குக் கிளம்பியதும் இறங்கிவிட்டார். உருவினார், உருவினார், கோணிப்பை நிறைகிறவரை உருவினார். காற்று வந்து காலண்டரில் நாலு மாசத்தைப் புரட்டியது. திரும்பி வந்தவள் பார்த்தாள். பறந்த முடியை மட்டும் ஒதுக்கிக்கொண்டாள்.

மறுநாள் ஒரு பெண் பொறியாளர் வந்தாள். காற்று எங்கெங்கே கசிகிறது என்று பார்க்க வாசலில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தி ஓடவிட்டாள். வீடு முழுக்க விசில் அடித்தது. முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளத் தையற்காரர் படாத பாடு பட்டார்.

"ரொம்ப மோசமோம்மா?"

"ரொம்பங்க ஐயா. இந்தத் தெருவுலயே உங்க வீடுதான் மோசம். மோசமான வீட்டுக்குத்தான் முதல்ல கொடுக்கிறோம். உங்களுக்கு முழு மானியம். அடுத்த மாசமே ஆள் வந்துடும்."

தையற்காரரின் கண் கோணிப்பைக்குப் போனது. மற்ற வீடுகளில் இடுக்கில் திணித்ததை எடுக்கச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள், எடுக்காமல் சோதிக்கவும் விதி இல்லை, இங்கே வேலை சுலபம் என்று பொறியாளர் பாராட்டிக்கொண்டே போனாள்.

அவர் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். "உனக்கு இது தெரியுமா?"

"மனுவோட ரெண்டாம் பக்கத்துலயே போட்டிருக்குங்க. எடுங்கன்னு சொன்னா எடுத்திருப்பீங்களா?"

கோபப்படத்தான் பார்த்தார். அதற்குள் மாடி அறையில் பேத்தி வேர்க்காமல் தூங்குவது போல ஒரு நினைப்பு வந்து குறுக்கே நின்றுவிட்டது.

பொறியாளர் ஒரு தாளை நீட்டினாள். 'வீட்டுக்காரர் தாமாகவே முன்வந்து ஒத்துழைத்தார்' என்ற வரிக்குக் கீழே, மனைவி விரல் வைத்துக் காட்டிய இடத்தில், தையற்காரர் கையெழுத்துப் போட்டார்.