தோளில் பட்ட குண்டுக்குச் செத்தவர்

சாவதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு நடிகர் இனம் உண்டு. ஹாலிவுட்டில் எந்த ஸ்டுடியோ வாசலில் நின்று கல்லை விட்டெறிந்தாலும் இவர்களில் ஒருவர் மேல்தான் விழும். விழுந்ததும் அவர் மூன்று சுற்றுச் சுற்றி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சாவகாசமாகச் சாய்வார். கல் முழங்காலில் பட்டிருந்தாலும் நெஞ்சைத்தான் பிடிப்பார்.

வெண்டல் ஹாஸ்கின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், பெயர்தான் தெரியாது. மதுக்கடைச் சண்டையில் மாடியிலிருந்து விழுபவர், வங்கியைக் கொள்ளையடிக்க வந்து வாசற்படியிலேயே சுடப்படுபவர், புதையல் இருக்கும் இடத்தைக் கதாநாயகனிடம் சொல்ல வாயைத் திறந்து, திறந்த வாயோடு போய்ச் சேருபவர், எல்லாம் அவர்தான். சினிமாவில் எப்போதாவது செத்துக்கொண்டிருந்தவர், வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்த பிறகு வாரா வாரம் சாகத் தொடங்கினார். முன்னேற்றம் என்றால் வேறென்ன?

படப்பிடிப்பு முடிந்ததும் மற்றவர்கள் முகம் கழுவுவார்கள். இவர் கழுவ மாட்டார். சட்டைக் காலரில் ஒப்பனை ஒட்டியிருக்க, நெற்றியில் சிவப்புச் சாயம் காய்ந்திருக்க, எதிர்ச் சாரியிலுள்ள காப்பிக் கடையில் போய் உட்காருவார், யாராவது விசாரிப்பார்கள் என்று. யார் விசாரிப்பது? அங்கே பாதிப் பேர் அதே கோலத்தில்தான் காத்திருப்பார்கள். பரிமாறும் ஓபல் மட்டும் பாவம் பார்த்துக் கேட்பாள்.

"இன்னிக்கு எங்க சார் குண்டு?"

"வயித்துல. நான்தான் நெஞ்சுக்கு மாத்திட்டேன். டைரக்டர் அப்படியே அசந்துட்டார்."

"அசந்து என்ன சொன்னார்?"

"அடுத்த ஆளக் கூப்பிடுன்னார்."

வீட்டில் இன்னும் மோசம். அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டு டெலிவிஷன் முன்னால் உட்காரவைப்பார். தான் செத்ததும் எழுந்துபோய்ப் பெட்டியை அணைத்துவிடுவார். "இனிமே இந்தக் கதையில ஒண்ணுமில்ல" என்பார். குற்றவாளி யாரென்று தெரியாமலே அந்தத் தெருவில் பலர் வயதாகிப் போனார்கள்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரு நாள் வாழ்வு வந்தது. நிஜமான வாழ்வு. புதிதாகத் தொடங்கும் ஒரு கௌபாய்த் தொடரில் ஷெரீப்பின் உதவியாளர் வேடம். வாரந்தோறும் வருவார், வாரந்தோறும் பேசுவார். முதல் கதையில் தோளில் ஒரு குண்டு படும், விழுவார், அடுத்த காட்சியில் கையில் கட்டோடு எழுந்து வருவார். அவர் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: சாகாமல் இருப்பது.

அவர் மனைவி ஆர்லீன், கையுறை விற்கும் கடையில் நின்று நின்றே கால் வீங்கிப் போனவள். இந்த வேடம் நிலைத்தால் அவள் வேலையை விட்டுவிட்டு உட்காரலாம். காலையில் அவருக்குத் தொப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

"வெண்டல், நல்லாக் கேட்டுக்கோ. தோள். தோள்ல பட்டு யாரும் சாகறதில்ல."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

"ஆமா. நாலு பேரு பார்த்துட்டு நின்னா உனக்கு எல்லாம் மறந்துடும்."

பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நாலு பேருக்கு மேலேயே இருந்தார்கள். தொடருக்குப் பணம் போடும் காலை உணவுக் கம்பெனியின் பெரிய மனிதர் வேறு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. டெலிவிஷனில் எதையும் இரண்டாம் தடவை எடுக்க நேரம் கிடையாது.

துப்பாக்கி வெடித்தது. வெண்டல் தோளைத்தான் பிடித்தார், அதைச் சொல்லியாக வேண்டும். அங்கேயே விழுந்திருக்கலாம். ஆனால் எதிரே கம்பெனிக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாரே! கை மெல்ல நெஞ்சுக்கு நகர்ந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, குதிரை கட்டும் கம்பத்தைத் தழுவி ஒரு பெருமூச்சு, தண்ணீர்த் தொட்டியில் ஒரு கை, வானத்தை நோக்கி ஒரு புன்னகை. பிறகு சரிந்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

டைரக்டர் மக்கிட்ரிக் மட்டும் தட்டவில்லை. "நீங்க சாகக் கூடாதே, வெண்டல்!"

"சாகல சார், மயக்கந்தான்."

"தொப்பிய எடுத்து உங்க முகத்த நீங்களே மூடிக்கிட்டீங்களே, ஐயா!"

கம்பெனிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இருக்கட்டும் விடுங்க. இந்தச் சாவ வெட்டாதீங்க. ஹீரோ வருஷம் பூரா இதுக்குப் பழி வாங்கட்டும்."

உதவியாளர் வேடம் லோவல் புரூயிட்டுக்குப் போனது. சுடப்பட்டால் கீழே குனிந்து இடம் பார்த்துவிட்டு விழுகிற மரக்கட்டை அந்த ஆள். அவரைச் சாகச் சொல்ல எந்த டைரக்டருக்கும் தைரியம் வரவில்லை. தொடர் ஓடிய வருடமெல்லாம் உயிரோடிருந்து, நீச்சல்குளம் வைத்து வீடு கட்டினார்.

வெண்டல் அன்று முகத்தைக் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். ஆர்லீன் கால்களை வெந்நீரில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்க பட்டுது?"

"தோள்ல."

"அப்புறம்?"

அவர் தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எல்லாரும் கை தட்டினாங்க."

அவள் கால்களைத் துடைத்துக்கொண்டு, மறுநாள் கடைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய செருப்பைத் தேடினாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள் ஹாலிவுட் பக்கமே போனதில்லை, குதிரையிலிருந்து விழுந்ததும் இல்லை. ஆனால் போன மாதம் அலுவலகத்தில், "சரிங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும் என்ற இடத்தில், எழுந்து நின்று, சுற்றியிருந்தவர்களெல்லாம் "பிரமாதம்" என்னும்படி ஒரு பேச்சுப் பேசினீர்களே, அன்று வீட்டுக்கு வந்ததும் "என்ன ஆச்சு?" என்று கேட்டவரிடம் என்ன பதில் சொன்னீர்கள்?